நூலக நிகழ்ச்சிகள்: வாசகர் வட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பொது நூலகங்களில் நடக்கும் கதை நேரம், கோடை முகாம், நூல் அறிமுகக் கூட்டம் பற்றி எங்களிடம் வந்து கேட்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும். ஒத்துவராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை நூலகத்துக்கு வந்து சண்டை போடலாம்.

நிகழ்ச்சிக்கு வர உறுப்பினராக இருக்க வேண்டுமா? கட்டணம் உண்டா?

இரண்டும் வேண்டாம். வந்து உட்காரலாம். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினர் அட்டை தேவை. அதற்கும் ஒரு சிறு காப்புத்தொகையும் சந்தாவும்தான். முகவரிச் சான்று ஒன்றைக் கையோடு கொண்டு வாருங்கள். பிள்ளைகளுக்குச் சேர்க்கும்போது பெற்றோர் கையெழுத்து வேண்டியிருக்கும்.

இலவசமாகக் கொடுத்தால் தரம் இருக்குமா?

இலவசம் என்று யார் சொன்னது? வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள், நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் 10 சதவீதம். ஆண்டுக்கு இரண்டாயிரம் ரூபாய் சொத்து வரி கட்டுகிறவர் நூலகத்துக்கு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டார். வாடகை வீட்டில் இருப்பவரும் வாடகை வழியாகக் கொடுக்கிறார் என்றே நான் கணக்கு வைக்கிறேன்.

இந்த ஏற்பாடு 1948இல் சென்னை மாகாணத்தில் வந்த பொது நூலகச் சட்டத்தின் வேலை. சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் நூலகச் சட்டம் அதுதான். அதற்குப் பின்னால் சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதனின் பல ஆண்டு உழைப்பு இருந்தது. கணக்கு வாத்தியாராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். ஒவ்வொரு ஆண்டும் ஆகஸ்ட் 12 அன்று நூலகர் தினம் கொண்டாடுவது அவரை வைத்துத்தான்.

உள்ளாட்சி அமைப்புகள் இந்த வரியை வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குச் செலுத்த வேண்டும். அது நிலுவையில் நிற்பதாகச் செய்தித்தாளில் அவ்வப்போது வரும். அப்படி வந்தால் கேள்வி கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. நூலகத்துக்கே வராதவர் கேட்டால் மட்டும் கொஞ்சம் சிரிப்பு வரும்.

வாசகர் வட்டம் என்பது யார்? அரசு ஊழியர்களா?

இல்லை. நூலகர் அரசு ஊழியர். வாசகர் வட்டத்தில் இருப்பவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், மருந்துக்கடைக்காரர், கல்லூரி மாணவி, கவிதை எழுதுகிறவர் (ஒருவராவது இருப்பார்) என்று ஒரு கலவை. தலைவர், செயலாளர் எல்லாம் உண்டு. நூலகத்துக்கு விளக்கு, நாற்காலி, குடிநீர் என்று கேட்டு வாங்கித் தருவதிலிருந்து கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பது வரை இவர்கள்தான் பார்ப்பார்கள். சேர விரும்பினால் நூலகரிடம் சொன்னால் போதும். சில ஊர்களில் வட்டம் பலகையில் மட்டும்தான் உயிரோடு இருக்கும். அங்கே சேர்வது இன்னும் எளிது. அடுத்த மாதமே செயலாளர் ஆகிவிடலாம்.

எந்த நாளில் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நூலக வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள், வாட்ஸ்அப் குழுவில் சேருங்கள். பல கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை என்பதையும் நினைவில் வையுங்கள். ஞாயிறு பூட்டியிருக்கும் என்று நினைத்துப் பலர் வருவதே இல்லை. நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

ஆண்டு முழுதும் பார்த்தால் ஏப்ரல் 23 உலகப் புத்தக தினம், மே மாதம் கோடை முகாம், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். இந்த மூன்றும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் உண்டு. மீதி மாதங்களில் என்ன நடக்கும் என்பது நூலகரையும் வட்டத்தையும் பொறுத்தது. நூலக வாரத்தில் மட்டும் ஏழு நாளும் விழா எடுத்துவிட்டு அடுத்த ஐம்பத்தொரு வாரம் ஓய்வெடுக்கிற ஊர்களும் இருக்கின்றன. மாதத்துக்கு ஒரு முறை, இருபது பேர், ஒரு மணி நேரம் என்பதே எனக்குப் பிடித்த கணக்கு.

என் மகளுக்கு மூன்று வயது. அழைத்து வரலாமா? கத்துவாளே?

அழைத்து வாருங்கள், கத்தட்டும். கதை நேரத்தில் யாரும் உஷ் சொல்லக் கூடாது என்று நாங்கள் முதலிலேயே பேசிவைத்திருக்கிறோம். அந்த ஒரு மணி நேரம் நூலகம் சத்தமாகத்தான் இருக்கும் என்று செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர்களுக்கும் பலகையில் எழுதிவிடுகிறோம். முணுமுணுப்பார்கள். பிறகு அவர்களில் ஒருவரே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கதை கேட்பார்.

இந்த வயதுக்குப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் கதை தாங்காது. ஒரு கதை, கைதட்டிப் பாட ஒரு பாட்டு, காகிதத்தில் ஏதாவது மடிப்பது, அப்புறம் அலமாரி. அலமாரியில் இஷ்டத்துக்குப் புத்தகத்தை இழுத்துப் போட விடுவதுதான் உண்மையான நிகழ்ச்சி. புத்தகம் கிழியுமா? கிழியும். படப் புத்தகம் ஒன்று கிழியும் அளவுக்குப் புரட்டப்பட்டிருந்தால் அது தன் வேலையைச் செய்துவிட்டது. பத்து ஆண்டாகப் புதிதாகவே இருக்கும் புத்தகத்தைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. அதனால் குழந்தைகள் புத்தகங்களைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைக்கும் பழக்கத்தை முதலில் விட வேண்டும். தரையில் பாய், முழங்கால் உயரத்துக்குத் திறந்த அலமாரி, அட்டைப்படம் முன்னால் தெரியும்படி அடுக்குதல். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

ஒரு வேண்டுகோள்: பிள்ளையை விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். வீட்டில் அதே கதையை நீங்கள்தான் அடுத்த இருபது முறை சொல்லப் போகிறீர்கள்.

எனக்குக் கதை சொல்ல வராது. நான் எப்படி உதவ முடியும்?

சொல்ல வேண்டாம், வாசியுங்கள். குரலை மாற்றி, கண்ணை உருட்டிக் கதை சொல்கிறவர்கள் நன்றாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளைகளுக்கு நினைவிருப்பது அந்த ஆள்தான், புத்தகம் அல்ல. புத்தகத்தைக் கையில் பிடித்து, படத்தைக் காட்டி, நிறுத்தி நிறுத்தி வாசித்தால், முடிந்ததும் அந்தப் புத்தகத்தைக் கேட்டு நாலு கை நீளும். ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பது ரங்கநாதன் வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று. நிகழ்ச்சி நடத்துவதே அந்த நூலையும் அந்த வாசகரையும் ஒரே இடத்தில் உட்கார வைக்கத்தான்.

உங்கள் நூலகத்தில் படப் புத்தகம் குறைவு என்றால், பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறைய இருக்கின்றன. திறந்த உரிமத்தில் உள்ளவை என்பதால் அச்செடுத்தும் பயன்படுத்தலாம். சற்றே வளர்ந்த பிள்ளைகள் என்றால், அரவிந்த் குப்தாவின் இணையதளத்தில் குப்பையிலிருந்து அறிவியல் பொம்மை செய்யும் முறைகள் கிடைக்கும். உறிஞ்சுகுழல், தீக்குச்சி, பழைய சைக்கிள் டியூப் இருந்தால் ஒரு மதியம் ஓடிவிடும்.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, குறள் ஒப்புவித்தல் எல்லாம் நடத்துவதில்லையா?

நடத்துகிறோம், பெற்றோர் கேட்பதால். எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. போட்டியில் முப்பது பேர் கலந்துகொண்டால் மூன்று பேர் பரிசோடு போகிறார்கள், இருபத்தேழு பேர் அழுத முகத்தோடு நூலகத்தை விட்டு வெளியேறுகிறார்கள். பரிசாக எவர்சில்வர் டப்பா தருவதை நிறுத்திப் புத்தகம் தர ஆரம்பித்திருப்பது ஒரு முன்னேற்றம்.

கோடை முகாமில் போட்டியே வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். சதுரங்கப் பலகை இரண்டு, சுவரில் ஒட்டும் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று, ஊரைப் பற்றிப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரும் வேலை ஒன்று. எந்தக் குளம் எப்போது மூடப்பட்டது, சந்தை எங்கே கூடியது என்று பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதைத் தொகுத்து நூலகத்திலேயே வைத்துவிடலாம். அப்படி ஒரு தொகுப்பு வேறு எந்த நூலகத்திலும் கிடைக்காது.

பதினைந்து பதினாறு வயதுக்காரர்கள் ஏன் வருவதே இல்லை?

டியூஷன். அதோடு, குழந்தைகள் பகுதியில் உட்காரக் கூச்சம், பெரியவர்கள் பகுதியில் முறைப்பு. அவர்களுக்கு என்று ஒரு மேசை ஒதுக்கி, அறிவியல், காமிக்ஸ், கிரிக்கெட், சினிமா பற்றிய புத்தகங்களைப் போட்டு, யாரும் அறிவுரை சொல்லாமல் இருந்தால் வருவார்கள். கடைசி நிபந்தனையைத்தான் நாம் காப்பாற்றுவதில்லை.

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் எல்லா நாற்காலியையும் பிடித்துக்கொள்கிறார்கள். மற்றவர்கள் எங்கே உட்காருவது?

எங்களிடம் அதிகம் வரும் புகார் இதுதான். காலை திறக்கும்போதே டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு, காவலர் தேர்வு என்று பிள்ளைகள் பையோடு நிற்பார்கள். பெரும்பாலும் சொந்தப் புத்தகம்தான். அவர்களுக்கு வேண்டியது இடமும் மின்விசிறியும் அமைதியும். வீட்டில் அது கிடையாது. ஒற்றை அறையில் ஐந்து பேர் இருக்கும் வீட்டிலிருந்து வரும் ஒரு பெண்ணிடம் ‘இது தேர்வு மையம் இல்லை, கதை படிக்கும் இடம்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது.

ஆனால் எல்லா இடத்தையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டால் குழந்தையும் பாட்டியும் வர மாட்டார்கள் என்பதும் உண்மைதான். நேரத்தைப் பிரிப்பதுதான் வழி. ஞாயிறு காலை பத்து முதல் பன்னிரண்டு வரை முன் கூடம் நிகழ்ச்சிக்கு, உள் அறை படிப்பவர்களுக்கு என்று எழுதி ஒட்டிவிட்டால் பிரச்சினை பாதி குறையும். சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பவர்களுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. நகராட்சிகள், மாநகராட்சிகள் கட்டியிருக்கும் ‘நூலகம் மற்றும் அறிவுசார் மையம்’ உங்கள் ஊரில் இருந்தால் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு அது இன்னும் வசதி. அது உள்ளாட்சியின் பொறுப்பில் உள்ளது, பொது நூலகத் துறையுடையது அல்ல. அங்கே உள்ள குறைக்கு எங்கள் நூலகரைத் திட்டிப் பயனில்லை.

அப்புறம் இன்னொன்று. தேர்வில் வென்றவரை மேடையேற்றிப் பாராட்டுவதோடு நிறுத்தாமல், மாதம் ஒரு முறை புதியவர்களோடு உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். இதற்கு வரும் கூட்டம் எழுத்தாளர் கூட்டத்துக்கும் வருவதில்லை.

நூல் அறிமுகக் கூட்டம் ஏன் இவ்வளவு நேரம் இழுக்கிறது?

கூட்டம் நீள்வது நூலால் அல்ல. வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை, வாழ்த்துரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, படம் எடுத்தல், நன்றியுரை. இத்தனைக்கும் நடுவில் நூலைப் படித்துவிட்டு வந்த ஒரே ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் கிடைக்கும். அவர் எழும்போது மணி எட்டு; பஸ் பிடிக்க வேண்டியவர்கள் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

நாங்கள் இப்போது கடைப்பிடிப்பதைச் சொல்கிறேன். மேடை கிடையாது, வட்டமாக நாற்காலி. பொன்னாடை கிடையாது. அந்தக் காசில் நூலகத்துக்கு ஒரு புத்தகம் வாங்கி, வந்தவர் கையெழுத்தோடு அலமாரியில் வைத்துவிடுகிறோம். நூலின் கதையைச் சுருக்கிச் சொல்லக் கூடாது. பிடித்த ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டி ஏன் பிடித்தது என்று சொல்ல வேண்டும், பத்து நிமிடம். பிறகு எல்லோரும் பேசலாம், படிக்காமல் வந்தவர்களும் பேசலாம். ஆனால் தன் சொந்தக் கவிதையை வாசிக்க ஆரம்பித்தால் நூலகர் டீ வந்துவிட்டது என்று அறிவிப்பார். இதுவரை இந்த முறை தவறியதில்லை.

இரண்டு விஷயம் முக்கியம். ஒன்று, பேசப்போகும் நூல் நூலகத்தில் குறைந்தது மூன்று நான்கு படியாவது இருக்க வேண்டும். ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். ஒரே படி என்றால் ஒருவர் படித்து மற்றவர்கள் கேட்கும் சொற்பொழிவாகவே அது முடியும். படி கிடைக்காத ஊரில் சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள்: நாலு பக்கம், அங்கேயே வாசித்து அங்கேயே பேசலாம். இரண்டு, எழுத்தாளரை அழைப்பதை ஆண்டுக்கு ஓரிரு முறையோடு நிறுத்திக்கொள்ளலாம். எழுத்தாளர் எதிரில் இருந்தால் யாரும் ‘இந்த நாவல் எனக்குப் பிடிக்கவில்லை’ என்று சொல்வதில்லை. பிடிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால்தான் பேச்சே சூடு பிடிக்கும்.

வெளியே வர முடியாத முதியவர்களுக்கு ஏதாவது உண்டா?

உண்டு. நூலக நண்பர்கள் திட்டம் என்று பொது நூலகத் துறை நடத்துகிறது. தன்னார்வலர்கள் நூலகத்திலிருந்து புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் முதியோர், நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் வீட்டில் கொடுத்து, படித்ததும் திரும்ப வாங்கி வருவார்கள். உங்கள் ஊர் நூலகத்தில் இது நடக்கிறதா என்று கேளுங்கள், நீங்களே தன்னார்வலராகவும் சேரலாம். கொண்டுபோகிற பெட்டியில் பெரிய எழுத்துப் புத்தகங்கள் இரண்டாவது இருக்கட்டும். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். பலருக்குப் புத்தகத்தைவிட அதைப் பற்றிப் பேச ஒரு ஆள் வேண்டும்.

நடமாட முடிந்தவர்களுக்கு எங்கள் நூலகத்தில் அதிகம் பிடித்த நிகழ்ச்சி, கைப்பேசி வகுப்பு. கல்லூரிப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஓ.டி.பி.யை யாரிடமும் சொல்லாதீர்கள் என்பதிலிருந்து மின்நூல் இறக்குவது வரை சொல்லித் தருகிறார்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும், தமிழ் நூல்களை மின்நூலாக்கி இணையத்தில் வைக்கத் தன்னார்வலர்கள் 1998 முதல் நடத்தும் மதுரைத் திட்டமும் இலவசம் என்று தெரிந்த பிறகு சிலர் நூலகத்துக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அதில் எங்களுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

பார்வைத் திறன் குறைந்தவர்கள் கலந்துகொள்ள முடியுமா?

வாசித்துக் காட்டும் கூட்டங்கள் அனைத்திலும் முடியும். அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பிரெய்ல் பகுதி தரைத் தளத்திலேயே உள்ளது. சிறிய ஊர்களில் அந்த வசதி அரிது. தன்னார்வலர் ஒலிப்பதிவுதான் அங்கே கை கொடுக்கும். பார்வையற்றோருக்காக நூலை ஒலி வடிவிலோ பிரெய்லிலோ மாற்றித் தருவதற்கு நம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே 2012 திருத்தம் முதல் விலக்கு இருக்கிறது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை உலகில் முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா, 2014இல். சட்டம் இருக்கிறது, குரல் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள்?

மாலை ஆறரை மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு இதைக் கேட்கக் கூடாது. கழிப்பறை பூட்டியிருக்கிறதா, தெருவிளக்கு எரிகிறதா, செய்தித்தாள் மேசையில் ஆண்கள் மட்டும் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் கூட்டத்தை ஞாயிறு முற்பகலுக்கு மாற்றி, பக்கத்திலேயே குழந்தைகளுக்குக் கதை நேரமும் வைத்தபோது தாய்மார்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் பிள்ளைக்காக வந்தவர்கள்தான் இப்போது எந்தச் சிறுகதை எடுப்பது என்று முடிவு செய்கிறார்கள்.

சென்னை, மதுரை பெரிய நூலகங்களில் என்ன விசேஷம்?

கோட்டூர்புரத்தில் 2010இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பகுதி ஒரு நாள் பயணத்துக்குத் தகுதியானது. பொன்மாலைப் பொழுது என்ற பெயரில் அங்கே நடக்கும் மாலை உரைகளும் பெயர் பெற்றவை. மதுரை நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலையில் திறக்கப்பட்டது. தென் மாவட்டத்துப் பிள்ளைகளை அழைத்துப் போக ஏற்ற இடம். எழும்பூரில் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் கன்னிமாரா 1896இல் திறந்தது. பழைய கட்டடத்தின் கூரையையும் வண்ணக் கண்ணாடியையும் பார்க்கவாவது போக வேண்டும்.

சரி, ஆனால் ஆண்டுக்கு ஒரு முறை பஸ் பிடித்துப் போகும் பெரிய நூலகத்தைவிட, பிள்ளை தானாக நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் சின்ன நூலகம்தான் அவனை வாசகனாக்கும்.

வாசித்துக் காட்டுவதற்கும் படம் போடுவதற்கும் அனுமதி வாங்க வேண்டுமா?

நூலின் சில பக்கங்களைக் கட்டணமில்லாக் கூட்டத்தில் வாசிக்கத் தடை இல்லை. முழு நூலை வாசித்து யூடியூபில் ஏற்றுவது வேறு கதை. எழுதியவர் இறந்து 60 ஆண்டு ஆகாத நூல் என்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும், அரசு உரிமையை வாங்கிப் பொதுவாக்கிய, அதாவது நாட்டுடைமை ஆன நூல்களுக்கு அந்தக் கவலை இல்லை. திரைப்படம் திரையிட அனுமதி தேவை. சந்தா கட்டிய ஓ.டி.டி. கணக்கு வீட்டில் பார்ப்பதற்குத்தான்.

வீட்டில் பழைய புத்தகங்கள் மூட்டையாக இருக்கின்றன. கொண்டு வரலாமா?

முதலில் பட்டியல் அனுப்புங்கள். பழைய பாடத்திட்டக் கையேடு, பாதி கரையான் தின்ற வார இதழ், எட்டாண்டுக்கு முந்தைய பொது அறிவு வினா விடை வேண்டாம். நீங்கள் விரும்பிப் படித்த நல்ல நாவல் என்றால் ஓடி வந்து வாங்கிக்கொள்கிறோம். பணமாகத் தர விரும்பினால் ஆயிரம் ரூபாய் செலுத்திப் புரவலர் ஆகலாம். உங்கள் பெயர் பலகையில் ஏறும்.

எங்கள் கிராமத்தில் நூலகமே இல்லை. என்ன செய்வது?

மாவட்ட நூலக அலுவலருக்கு மனு கொடுங்கள். வாடகையில்லாமல் ஒரு கட்டடம் தர முடியும், உறுப்பினராகச் சேர இத்தனை பேர் தயார் என்று கையெழுத்துப் பட்டியலோடு போனால் பேச்சு எளிதாகும். அதுவரை பக்கத்து ஊர் நூலகத்திலிருந்து ஒருவர் அட்டையில் புத்தகம் எடுத்து வந்து நாலு வீட்டுக்குள் சுற்ற விடலாம். 1931இலேயே மன்னார்குடி வட்டாரத்தில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். இன்று ஒரு டி.வி.எஸ். எக்ஸ்.எல். போதும்.

நிகழ்ச்சிக்கு மூன்றே பேர் வந்தால் நடத்துவதா, கலைத்துவிடுவதா?

நடத்துங்கள். குறித்த நேரத்தில் ஆரம்பியுங்கள். ‘இன்னும் கொஞ்சம் பேர் வரட்டும்’ என்று அரை மணி காத்திருந்தால், சரியான நேரத்துக்கு வந்த அந்த மூன்று பேரும் அடுத்த முறை அரை மணி தாமதமாக வருவார்கள்.